மூடியை மூடிக்கொண்டு பறக்கவும்

சமநிலைக் குழுவின் கூட்டம் தொடங்க வேண்டுமானால் முதலில் ஏசியை நிறுத்த வேண்டும். மேசை நடுவில் ஒரு பித்தளைத் தராசு இருந்தது. தலைவர் அதன் தட்டுக்கொரு குண்டூசியை வைப்பார். முள் நடுவில் வந்து நிற்கும்வரை யாரும் பேசக் கூடாது, இருமக் கூடாது, கூடுமானவரை மூச்சையும் மெல்ல விட வேண்டும். ஏசிக் காற்று பட்டால் முள் ஆடும். அந்த அறைக்கு ஜன்னலும் கிடையாது. ஆகவே படித்த மனிதர்கள் ஒன்பது பேர் கழுத்து நனைய, இரண்டு குண்டூசிகளைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார்கள். முள் நின்றதும் தலைவர் மெதுவாகத் தலையசைப்பார். உலகம் ஒழுங்காக இருக்கிறது என்று அர்த்தம்.

அந்தக் கம்பெனி செய்துவந்தது ஒரு வீடியோ கேம். பழைய உலகப் போரின் விமானங்கள் சண்டை போடும் கேம். ஒரு பக்கம் சோவியத் விமானங்கள், மறுபக்கம் ஜெர்மன் விமானங்கள். கம்பெனிக்கு இரண்டே சட்டங்கள். முதல் சட்டம் குழுவின் சுவரில் இருந்தது: எந்த விமானமும் நூறு சண்டையில் ஐம்பதை ஜெயிக்க வேண்டும், கூடவும் கூடாது, குறையவும் கூடாது. இரண்டாவது சட்டம் கேமின் விளம்பரத்தில் இருந்தது: வரலாற்று ஆதாரம் இல்லாமல் ஒரு திருகாணியைக்கூட மாற்றமாட்டோம். உண்மையான போரில் யாரும் ஐம்பது ஐம்பதாக ஜெயிக்கவில்லை என்பதால், இந்த இரண்டு சட்டங்களுக்கும் நடுவே ஓர் இடுக்கு இருந்தது. அந்த இடுக்கில் ஒரு நாற்காலி போட்டு அவளை உட்கார வைத்திருந்தார்கள்.

அவளை எல்லோரும் ‘மாலை வகுப்பு’ என்றுதான் கூப்பிட்டார்கள். நேர்முகத் தேர்வில் ரஷ்ய மொழி எங்கே கற்றாய் என்று கேட்டபோது அவள் சொன்ன பதில் அது; அதுவே பேராக நிலைத்துவிட்டது. தட்டச்சு வகுப்பில் இடம் நிரம்பிவிட்டதால் அவள் பக்கத்து அறையில் போய் உட்கார்ந்தாள். பக்கத்து அறையில் ரஷ்யன் நடந்துகொண்டிருந்தது. மூன்று வருடம் எழுந்திருக்கவில்லை. அப்படியும் தனக்கு மொழி தெரியும் என்று அவளால் நம்ப முடியவில்லை. எதை மொழிபெயர்த்தாலும் மூன்று நிறத்தில் எழுதுவாள். நிச்சயமாகத் தெரிந்தது நீலம், சந்தேகம் பச்சை, ஊகம் சிவப்பு. அவள் தாள்கள் பெரும்பாலும் தோட்டம்போல இருக்கும்.

ஆறு மாதத் தற்காலிக வேலை அந்த வார வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. நிரந்தரக் கடிதம் கிடைத்தால் அவளுக்கு ஓர் அறை கிடைக்கும். இரண்டு தெரு தள்ளி ஒரு வீட்டுக்காரம்மா மாடி அறையைக் காட்டிவிட்டு, “நிரந்தரமா, தற்காலிகமா?” என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். அதுவரை அவள் அக்கா வீட்டு ஹாலில்தான் படுக்க வேண்டும். அந்த ஹாலில் அத்தானின் கம்ப்யூட்டர் இருந்தது. தினமும் சாயங்காலம் அத்தானின் போர் முடிந்த பிறகுதான் அவளால் கட்டிலை விரிக்க முடியும்.

அன்று திங்கட்கிழமை. முள் நின்றது.

“நாப்பத்தி மூணு,” என்றார் தலைவர்.

அறையில் யாரோ ‘ச்சு’ கொட்டினார்கள். லாக்-3 என்ற சோவியத் போர்விமானத்தைப் பற்றிய பேச்சு அது. மரத்தைக் கோந்தால் ஒட்டிச் செய்த, கனத்த, இஞ்சின் போதாத விமானம். நூற்றுக்கு நாற்பத்து மூன்றுதான் ஜெயித்துக்கொண்டிருந்தது.

“ஏழு குறையுது. எங்கேருந்து எடுக்கறது?” தலைவர் உணர்வு அதிகாரி பக்கம் திரும்பினார். “மேடம், என்ன தோணுது?”

தோன்றுவதுதான் அந்த அம்மாவின் வேலை. அவர் கண்ணை மூடிக்கொண்டு, கற்பனைக் கைப்பிடி ஒன்றைப் பிடித்து, இடதுபுறம் லேசாகச் சாய்ந்தார். “வேகத்துல ஒரு இருபது கிலோமீட்டர் கூட்டினா சரியாயிடும்னு தோணுது சார்.”

‘இருபது புள்ளி பூஜ்யம் பூஜ்யம்’ என்று குறிப்பேட்டில் பதிவாயிற்று.

“அப்ப தீர்ப்பு வந்தாச்சு. இனிமே ஆதாரம்தான் பாக்கி,” என்றார் தலைவர். “மாலை வகுப்பு, வெள்ளிக்கிழமைக்குள்ள வரலாத்துல அந்த இருபது கிலோமீட்டர் எங்க இருக்குன்னு பாரும்மா.”

“இல்லைன்னா சார்?”

“இல்லைன்னா இன்னும் நல்லாப் பாரு.”

மூன்று மாதங்களுக்கு முன் கம்பெனி எங்கிருந்தோ பழைய காகிதங்களை ஒரு டிரங்குப் பெட்டியோடு வாங்கிப் போட்டிருந்தது. அவற்றைப் படமெடுத்துக் கம்ப்யூட்டரில் ஏற்றியதோடு சரி, யாரும் படிக்கவில்லை. அடியில் ஒரு சோதனைப் பறப்பு ஏடு இருந்தது. எந்தத் தொழிற்சாலை என்ற இடத்தில் மை பூசி அழித்திருந்தார்கள். விமானியின் பெயர் இருந்த மூலை நீரில் ஊறிக் கரைந்துபோயிருந்தது. கையெழுத்து மட்டும் சின்னதாக, ஒழுங்காக, வரி பிசகாமல் இருந்தது. பள்ளிக்கூடத்தில் நல்ல பெயர் வாங்கிய ஆளின் கையெழுத்து.

இருபத்தேழாம் பறப்பில் அவளுக்கு அந்த இருபது கிலோமீட்டர் கிடைத்தது. அவள் சந்தோஷத்தில் நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தேவிட்டாள். பிறகு உட்கார்ந்து மீதியைப் படித்தாள்.

‘பறப்பு 27. கண்ணாடி மூடியை மூடிக்கொண்டு பறந்தேன். வேகம் இருபது கூடி, சரியாக உள்ளது. மணிக்கு முந்நூற்றைம்பது கிலோமீட்டருக்கு மேல் மூடி திறக்கவில்லை. தீப்பிடித்தால் வெளியே வர வழியில்லை. சரிசெய்யும்படி கோருகிறேன்.

பறப்பு 28. மூடியைத் திறந்துவைத்துப் பறந்தேன். வேகம் இருபது குறைகிறது. மீண்டும் கோருகிறேன்.

பறப்பு 30. மூன்றாம் முறையாகக் கோருகிறேன். சரிசெய்யும்வரை திறந்துவைத்தே பறப்பேன்.’

வழக்கம்போல் தான் தவறாகப் படித்திருப்போம் என்றுதான் அவளுக்குப் பட்டது. அகராதியை எடுத்து ஒவ்வொரு சொல்லையும் திரும்பத் தேடினாள். மூன்று முறை தேடியும் அதே அர்த்தம்தான் வந்தது. எழுதி முடித்துப் பார்த்தபோது தாள் முழுவதும் நீலமாக இருந்தது. அவள் வாழ்க்கையில் அப்படி ஒரு தாளை எழுதியதே இல்லை. ஏனோ அவளுக்கு அது பிடிக்கவில்லை.

முப்பத்தோராம் பறப்புக்கான பக்கத்தில் எண் மட்டும் இருந்தது. அதன் பின்னால் தட்டச்சு செய்த தாள் ஒன்று செருகியிருந்தது.

மறுநாள் காலையில், லாக்-3 எத்தனை ஜெயிக்கிறது என்ற கணக்கை வாங்கிவர டெஸ்டிங் அறைக்குப் போனாள். அங்கே பன்னிரண்டு கம்ப்யூட்டர்கள், பன்னிரண்டு காலி நாற்காலிகள். கம்ப்யூட்டரும் கம்ப்யூட்டரும் தங்களுக்குள்ளேயே சண்டை போட்டுக்கொள்ளும், ஒரு நாளைக்கு ஆயிரம் சண்டை. அவற்றை எண்ணிக் குறித்துக்கொள்ள ஒரே ஒரு மனிதர். அவரை எல்லோரும் டெஸ்டிங் அண்ணன் என்பார்கள். ஏழாம் கம்ப்யூட்டர் முன்னால் இருந்த காலி நாற்காலியில் ஒரு கம்பளிச் சட்டை போர்த்தியிருந்தது.

“யாருதுண்ணே இது?”

“என்னுதுதான். அந்த இடத்துல மட்டும் குளிருது. பாவம்னு போட்டு வச்சேன்.”

“யாரு பாவம்?”

டெஸ்டிங் அண்ணன் திரையைக் காட்டினார். ஏழாம் திரையில் ஒரு லாக்-3 பறந்துகொண்டிருந்தது. கண்ணாடி மூடி பின்னால் தள்ளித் திறந்திருந்தது.

“கேம்ல லாக்குக்கு மூடியே இல்லையேண்ணே?”

“இல்லதான். படம் வரையறவங்ககிட்ட போய்க் கேட்டேன். ‘நாங்க வரையாத மூடி எப்படிய்யா திறக்கும், போய் வேலையைப் பாரு’ன்னு தொரத்திட்டாங்க. மூணு மாசமா இப்படித்தான். பிழை எண் நாலாயிரத்து நானூத்திப் பதினேழு.”

மூன்று மாதம். டிரங்குப் பெட்டி வந்த மாதம்.

மற்ற விமானங்கள் ஒன்றையொன்று துரத்திக்கொண்டிருக்க, அந்த ஒன்று மட்டும் சண்டையை விட்டு விலகிக் கிழக்கே போயிற்று. கீழே காடு வந்தது. வேகத்தைக் குறைத்து, காட்டின் மேல் மூன்று முறை வட்டமடித்தது. ஓட்டுபவரின் தலை தெரிந்தது. தோல் தொப்பி. வட்டத்தின் ஒவ்வொரு சுற்றிலும் அந்தத் தலை மெல்லத் திரும்பி, திரைக்கு வெளியே, காலி நாற்காலிகள் பக்கம் யாரையோ தேடுவதுபோல் பார்த்தது. ஹெட்போனை அவள் காதில் வைத்தாள். காற்று இரைந்தது. சூடான கோந்து வாசனை அடித்தது. ஹெட்போனில் வாசனை அடிக்காது என்று அவளுக்குத் தெரியும். அதனால் அதைக் கழற்றி, துடைத்து, இருந்த இடத்திலேயே வைத்தாள்.

“எத்தனை ஜெயிச்சிருக்குண்ணே?” என்று கேட்டாள். கேட்கத்தானே வந்திருந்தாள்.

அன்று சாயங்காலம் வீட்டில் அத்தான் கம்ப்யூட்டரில் ஒரு மனு அடித்துக்கொண்டிருந்தார். அத்தான் லிப்ட் மெக்கானிக். நாள் முழுக்க ஊரை மேலும் கீழும் ஏற்றி இறக்கிவிட்டு, வீட்டுக்கு வந்தால் ‘விண்ணரசன்’ என்ற பெயரில் சோவியத் விமானி.

“எங்க லாக்குக்கு நீங்க பண்றது துரோகம்னு எழுதியிருக்கேன். உங்க ஆபீஸ்ல எவனாவது படிக்கிறானா, இல்ல அதுல வடை சுத்தறீங்களா?”

“படிக்கறோம் அத்தான்,” என்றாள் அவள். அந்த மனுக்களுக்கு முத்திரை குத்துவதும் அவள் வேலைதான். சோவியத்துக்கு அநீதி என்பவை இடது அடுக்கில், சோவியத்துக்குச் சலுகை என்பவை வலது அடுக்கில். இரண்டு பக்கமும் சமமாகத் திட்டினால் குழு சரியாக நடக்கிறது என்று அர்த்தம். ஒரு பக்கம் குறைந்தால் குறைகிறதை அவளே எழுதி நிரப்ப வேண்டும். போன மாதம் விண்ணரசனைக் கண்டபடி திட்டி நாற்பது கடிதம் எழுதியிருந்தாள்.

“அத்தான், லிப்டுக்குள்ள ஆள் மாட்டிக்கிட்டா என்ன செய்வாங்க?”

“முதல்ல போனைப் பாப்பான், சிக்னல் இருக்காது. அப்புறம் பட்டனை எல்லாம் அமுக்குவான். கடைசில தட்டுவான். கத்தறவனெல்லாம் கொஞ்ச நேரத்துல அடங்கிடுவான். தட்டறவன்தான் தட்டிக்கிட்டே இருப்பான். நிதானமா. வெளிய ஆள் இருக்கான்னு நம்பறவன்தான் தட்டுவான்.” அத்தான் மனுவுக்குத் திரும்பினார். “ஏன், உங்க ஆபீஸ் லிப்ட் நின்னுடுச்சா?”

“அவ ஆபீஸ்ல லிப்ட் ஒண்ணுதான் ஒழுங்கா ஓடுதாம்,” என்றாள் அக்கா சமையலறையிலிருந்து.

புதன்கிழமைக் கூட்டத்தில், பிழை எண் நாலாயிரத்து நானூற்றுப் பதினேழு ஓர் ஆவியாக இருக்கலாம் என்று அவள் தெரிவித்தாள். சொல்லும்போதே காது சூடாகிவிட்டது. சிரிப்பார்கள் என்று நினைத்தாள். யாரும் சிரிக்கவில்லை. தலைவர் பேனாவைத் திறந்தார்.

“அவர் யாரு, எப்படிச் செத்தாரு, எதுக்கு வர்றாருன்னு நோண்டிக்கிட்டிருந்தா நாம வேலை பார்த்த மாதிரிதான். எத்தனை ஜெயிக்கறாரு?”

“ஒண்ணும் இல்ல சார். சண்டையே போடறதில்ல.”

“தோக்கறாரா?”

“அதுவும் இல்ல சார்.”

தலைவர் முகம் மலர்ந்தது. “ஜெயிக்கறதும் இல்ல, தோக்கறதும் இல்ல! நம்ம கேம்லயே முழுச் சமநிலையோட இருக்கற ஒரே ஆளு அவர்தான்!” மேசையைச் சுற்றிலும் கைதட்டல் எழுந்தது. முள் ஆடிவிடக் கூடாது என்பதற்காக எல்லோரும் மேசைக்கு அடியில் கைதட்டினார்கள்.

அப்போதுதான் உணர்வு அதிகாரி அந்தக் கேள்வியைக் கேட்டார். “சோவியத் பக்கத்துக்கு ஒரு ஆவி இருக்கு. ஜெர்மன் பக்கத்துக்கு?”

கைதட்டல் நின்றது. அநீதி அப்பட்டமாகத் தெரிந்தது. எதிர்ப்பக்கத்துக்கும் ஓர் ஆவி வழங்குவது என்று தீர்மானமாயிற்று. வியாழக்கிழமை மத்தியானத்துக்குள் வரைபவர்கள் ஒன்றை வரைந்து தந்தார்கள். வெள்ளையாக, ஊடுருவித் தெரிவதாக, கண்ணில் சிவப்பு விளக்கோடு. உணர்வு அதிகாரி இரண்டு ஆவிகளுக்கும் முன்னால் மாறி மாறி உட்கார்ந்தார். உதவியாளர் ஒருவர் பக்கத்தில் நின்று, அவர் முன்கையில் மயிர் எவ்வளவு எழும்புகிறது என்று ஸ்கேலால் அளந்தார்.

“புதுசு பயமாத்தான் சார் இருக்கு,” என்றார் உணர்வு அதிகாரி. “ஆனா சமமா பயமா இல்ல. பழையது கூடுதலா இருக்கு.”

“புதுசைக் கூட்ட முடியுமா?”

“கூட்டினா சிரிப்பு வருது சார்.”

“அப்ப பழையதைக் குறைப்போம். அதுல எது உங்களுக்கு ரொம்ப பயமா இருக்கு?”

உணர்வு அதிகாரி முன்கையைத் தடவிக்கொண்டார். அவருக்குத் தோன்றுவதைச் சொல்ல அவரே தயங்கியது அன்று ஒருநாள்தான். “அந்த மூடி சார். திறந்திருக்கறது. அவர் அது வழியா நம்மளப் பாக்கறாரு.”

“மூடிட்டாப் போச்சு,” என்றார் தலைவர்.

வேக அதிகாரி கணக்குப் போட்டுப் பார்த்தார். எல்லா லாக்குக்கும் மூடி வரைந்து அதை நிரந்தரமாக மூடிவிட்டால் காற்றின் இழுப்பு குறையும். லாக்குக்கு வேகம் கூடும். எவ்வளவு கூடும்? இருபது. மேசைக்கு அடியில் மறுபடியும் கைதட்டல். ஒரே மூடியில் வேகம், பயம் இரண்டும் சரியாகிவிடுகிறது.

“நீ கண்டுபிடிச்ச ஏட்டுலயே இருக்காமேம்மா,” என்றார் தலைவர் அவளிடம், “மூடிக்கிட்டுப் பறந்தா வேகம் சரியா இருக்குன்னு?”

“இருக்கு சார். ஆனா அதுக்குக் கீழ...”

“கீழ என்னவோ இருக்கட்டும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் சரிபார்ப்புப் படிவத்துல ஒரு கையெழுத்து. ‘விமானிகள் மூடியை மூடிக்கொண்டே பறந்தனர்’னு ஒத்த வரி. அதே நேரம் உன்னோட நிரந்தரக் கடிதமும் ரெடியா இருக்கும்.”

வெள்ளிக்கிழமை காலையில் புதிய பதிப்பைப் பன்னிரண்டு கம்ப்யூட்டரிலும் ஏற்றினார்கள். அவள் ஏழாவதன் முன்னால் நின்றாள். லாக்-3 மேலே எழுந்தது. கண்ணாடி மூடி இருந்தது. வேகம் நன்றாகவே இருந்தது. சண்டையை விட்டு விலகிக் காட்டுக்கு மேல் போயிற்று. வட்டமடிக்கும்போது தோல் தொப்பி அவள் பக்கம் திரும்பியது. கண்ணாடிக்கு உள்ளேயிருந்து ஒரு கையுறை எழுந்தது.

ஹெட்போன் மேசையில் கிடந்தது. அதைக் காதில் வைக்கத் தேவையிருக்கவில்லை.

மூன்று தட்டு. நிதானமாக. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி மூன்று.

அவள் மவுஸை நகர்த்தினாள். இருந்த பட்டனையெல்லாம் அமுக்கினாள். திறக்கும் பட்டன் என்று ஒன்று இல்லை. டெஸ்டிங் அண்ணன் கம்பளிச் சட்டையை நாற்காலியிலிருந்து எடுத்து, மடித்து, மடியில் வைத்துக்கொண்டு எழுதினார்: ‘பிழை 4417 தீர்ந்தது. புதிய பிழை 4418: தட்டும் சத்தம்.’

“அண்ணே, ஏதாவது செய்யுங்களேன்.”

“நான் எழுதத்தாம்மா முடியும்,” என்றார். “திறக்கறதுன்னா கையெழுத்து வேணும்.”

சாயங்காலக் கூட்டத்தில் முன் கூட்டத்தின் குறிப்பை வாசிப்பது கடைநிலை ஊழியரின் கடமை. அவள் பழுப்புக் கோப்பிலிருந்து தாளை எடுத்து எழுந்து நின்றாள். ஒழுங்கு ஒழுங்கு என்று அந்த ஏட்டின் கடைசித் தாளையும் கம்பெனிப் படிவத்திலேயே மொழிபெயர்த்து அதே கோப்பில் வைத்திருந்தாள். அது வினையாகிவிட்டது. இரண்டாவது வாக்கியத்தில்தான் அவளுக்குத் தெரிந்தது, கையில் இருப்பது நேற்றைய குறிப்பு அல்ல, போர்க்காலத் தொழிற்சாலைக் குழு ஒன்றின் குறிப்பு. நிறுத்திவிட்டுத் தலை நிமிர்ந்தாள். எல்லோரும் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்கள்.

“மேல வாசிம்மா,” என்றார் தலைவர்.

அவள் வாசித்தாள்.

“‘விமானத்தின் வேகம் நிர்ணயித்த அளவுக்கு இருபது குறைவதைக் குழு கவனத்தில் கொண்டது. மூடியைத் திறந்துவைப்பதே காரணம் எனக் கண்டறியப்பட்டது. இனி மூடியை மூடிக்கொண்டு பறக்க வேண்டும் எனத் தீர்மானிக்கப்பட்டது. சம்பந்தப்பட்ட விமானியின் மனப்போக்கு திருத்தப்பட வேண்டும்.’”

“ஒரு நிமிஷம்,” என்றார் உணர்வு அதிகாரி. “மனப்போக்குங்கறது கொஞ்சம் கடுமையா தோணுது. ஒத்துழைப்புன்னு போடலாமே?”

“ஒத்துழைப்பு. நல்ல சொல். திருத்திக்கோம்மா.”

அவள் திருத்தினாள்.

“‘முப்பத்தோராம் பறப்பில் மூடியை மூடிக்கொண்டு பறந்தபோது வேகம் நிர்ணயித்த அளவை எட்டியது. விமானம் திரும்பவில்லை. குறை ஏதும் இல்லை.’”

“வேற திருத்தம் உண்டா?” தலைவர் சுற்றிலும் பார்த்தார். “இல்ல. ஏகமனதா ஏத்துக்கறோம்.” தாளை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். வேக அதிகாரி போட்டார். உணர்வு அதிகாரி போட்டார். ஒன்பது கையெழுத்து விழுந்தது.

“சார்,” என்றாள் அவள். “இது நம்ம குறிப்பு இல்ல. அந்தக் காலத்துக் குழுவோடது. இதுல சொல்ற விமானி செத்துட்டாரு. மூடி திறக்காதுன்னு மூணு தடவை எழுதிக் கொடுத்துட்டுச் செத்துட்டாரு.”

தலைவர் தாளைத் திரும்ப எடுத்து, மேலிருந்து கீழ்வரை நிதானமாகப் படித்தார். அவர் கண்கள் பளபளத்தன.

“பாத்தீங்களா?” என்றார் மற்றவர்களிடம். “நமக்கு முன்னாடியே நம்மள மாதிரி யோசிச்சவங்க இருந்திருக்காங்க. இதைவிட என்னய்யா வரலாற்று ஆதாரம் வேணும்?”

பிறகு குண்டூசிகளை எடுத்துவிட்டு, தராசின் ஒரு தட்டில் சரிபார்ப்புப் படிவத்தையும் மறு தட்டில் அவளுடைய நியமனக் கடிதத்தையும் வைத்தார். இரண்டும் ஒரே கனம். முள் அசையாமல் நின்றது. கடிதத்தில் ‘நிரந்தரம்’ என்ற சொல் தடித்த எழுத்தில் தெரிந்தது. மாடி அறையின் ஜன்னல், அதில் வைக்க நினைத்திருந்த சின்ன மேசை, யாருடைய போரும் முடியக் காத்திருக்காமல் விரிக்கப்போகும் படுக்கை எல்லாம் அவள் கண்முன் வந்து போயின. ஒருவேளை தான்தான் தவறாகப் படித்தோமோ? மாலை வகுப்பு ரஷ்யன்தானே. பச்சைப் பேனாவால் கையெழுத்துப் போட்டால் சந்தேகத்தோடு போட்டதாக ஆகாதா?

பேனாப் பையைத் திறந்தாள். நீலத்தை எடுத்தாள். அச்சடித்திருந்த வரியை அடித்துவிட்டு, அதன் மேல் எழுதினாள்: ‘முந்நூற்றைம்பதுக்கு மேல் மூடி திறக்கவில்லை. நான்காம் முறையாகக் கோரப்படுகிறது.’ கீழே தன் கையெழுத்தைப் போட்டாள்.

தலைவர் கோபப்படவில்லை. அதுதான் அவளைக் கலக்கியது. படிவத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“கையெழுத்து இருக்கு. ஆக, சம்மதம். வாசகம் வேற. ஆக, மறுப்பு. பாதிச் சம்மதம், பாதி மறுப்பு. அழகான சமநிலை. பதிப்பை இன்னிக்கே வெளியிடலாம்.” அப்புறம் கத்தரிக்கோலை எடுத்து நியமனக் கடிதத்தை நடுவில் சரியாக வெட்டினார். ‘நிரந்தரம்’ நடுவில் அறுந்தது. அவள் பெயர் இருந்த பாதி அவளுக்கு, அவர் கையெழுத்து இருந்த பாதி கோப்புக்கு. “திங்கட்கிழமையிலிருந்து அரை நாள் வாம்மா. எந்த அரைன்னு அப்புறம் சொல்றோம்.”

மறுநாள் சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் லாக்-3 நூற்றுக்கு ஐம்பது ஜெயித்துவிட்டது. டெஸ்டிங் அண்ணன் போன் பண்ணிச் சொன்னார். ஏசியைப் போட்டபோதும் முள் ஆடவில்லையாம். ஒருவரையொருவர் கட்டிப்பிடித்துக்கொண்டார்களாம். “தட்டற சத்தத்துக்கு?” என்று கேட்டாள். “ஜெர்மன் பக்கத்துக்கும் அதே மாதிரி போட்டுட்டாங்கம்மா,” என்றார் அவர். “ஆனா அது ரெக்கார்ட் பண்ணினது.”

அவள் போனை வைத்துவிட்டு, மடித்த கட்டிலின் மேல் உட்கார்ந்தாள். சமையலறையில் அக்கா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். அத்தான் புதிய பதிப்பில் பறந்துகொண்டிருந்தார். ஹெட்போன் போட்டால் போர் மாதிரி இருக்காது என்று ஸ்பீக்கரில்தான் விளையாடுவார்.

“அடேங்கப்பா, என்னா வேகம்!” என்றார் அத்தான். “என் மனுவை எவனோ படிச்சிருக்கான்டி!”

டக். டக். டக்.

“யாரோ கதவைத் தட்டறாங்க பாரு,” என்றாள் அக்கா உள்ளேயிருந்து.

அத்தானின் கை விசைப்பலகை மேல் அப்படியே நின்றது. முப்பது வருடமாக மாட்டிக்கொண்ட மனிதர்களின் தட்டலைக் கேட்டுப் பழகிய காது அவருக்கு. “இது நம்ம கதவு இல்ல,” என்றார் மெதுவாக.

டக். டக். டக்.

“காது கேக்கலையா உங்களுக்கெல்லாம்? யாருன்னு பாருங்களேன்!”

அவள் எழுந்து போனாள். ஏன் போனாள் என்று பிறகு யோசித்தால் அவளால் சொல்ல முடியாது. திரையில் திறக்க ஒன்றும் இல்லை. திறக்கக் கூடியது வாசல் கதவு ஒன்றுதான். தாழ்ப்பாளை நீக்கித் திறந்தாள். மாடிப்படியில் யாரும் இல்லை. குளிர்ந்த காற்று ஒன்று அவளைத் தாண்டி வெளியே போயிற்று. சூடான கோந்து வாசனை.

தட்டல் நின்றது.

“ஏய்!” அத்தான் நாற்காலியிலேயே துள்ளினார். “மூடி திறந்துக்கிச்சு! தானா திறந்துக்கிச்சு!” ஸ்பீக்கரில் காற்று ஹோவென்று இரைந்தது. பெரிய, திறந்த வெளிக் காற்று. இரண்டு கணம் மூவரும் அதைக் கேட்டார்கள். அப்புறம் அத்தானின் குரல் மாறியது. “வேகம் குறையுது. இருபது குறைஞ்சிடுச்சு. பின்னாடி வேற ரெண்டு பேரு வர்றானுங்க. ஏம்மா, என்ன பண்ணின? கதவைத் திறந்தியா? மூடு! கதவை மூடும்மா!”

காற்றில் கதவு தானாகவே சாத்திக்கொள்ளப் பார்த்தது. அவள் தோளால் அதைத் தடுத்தாள். இடுப்பில் செருகியிருந்த அந்தப் பாதிக் கடிதத்தை எடுத்து, நான்காக மடித்து, மடித்ததை இன்னும் ஒருமுறை மடித்து, குனிந்து கதவின் அடியில் செருகினாள். கையை எடுத்துப் பார்த்தாள். கதவு அசையவில்லை.